சாட்சி இல்லாத மீனும் சாட்சி சொல்லும் அட்டையும்

ஐப்பசி மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்த காலை. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலுக்குக் கீழே சோலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் மூன்று பேர் போய்க்கொண்டிருந்தோம். நான், மதுரையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், வழிகாட்ட வந்த உள்ளூர் அண்ணன். ஓர் ஓடை குறுக்கிட்டது. கணுக்கால் நனையும் அளவுதான் தண்ணீர். அண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்துவிட்டார். பையன் கரையிலேயே நின்றான்.

"என்ன மாப்ளே, குளிருதா?"

"இல்ல மாமா. இந்தத் தண்ணியில காண்டிரு இருக்குமா?"

கைபேசியில் பார்த்த காணொளியின் விளைவு அது. ஊசிபோல ஒரு மீன். ஆற்றில் நின்று ஒன்றுக்குப் போனால் அந்தத் தாரையிலேயே நீந்தி ஏறி உடம்புக்குள் புகுந்து, முள்ளை விரித்து உட்கார்ந்துகொள்ளுமாம். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். சொல்லும்போதே அவன் முகம் கோணியது. அக்கரையிலிருந்த அண்ணன் அவன் காலைப் பார்த்துச் சிரித்தார்.

"மீனு இருக்கோ இல்லையோ, தம்பி சாக்ஸுல ரெண்டு அட்டை ஏறிக்கிட்டு இருக்கு, பாருங்க."

உலகத்தின் மறுகோடியில் வாழும் மீனுக்குப் பயந்து நின்றவன், தன் காலில் ஏறியதைக் கவனிக்கவில்லை. இரண்டும் ரத்தம் குடிப்பவை. இரண்டின் மேலும் கதைகள் உண்டு. எந்தக் கதையை நம்புவது, எதை ஒதுக்குவது என்று முடிவுசெய்ய ஓர் எளிய கேள்வி போதும் என்று எனக்குத் தோன்றுகிறது: அப்படிச் செய்வதால் அந்த உயிருக்கு என்ன லாபம்?

செவுளுக்குள் ஒரு சாப்பாட்டுக் கடை

காண்டிரு என்பது தனியொரு மீனின் பெயரில்லை. அமேசான், ஓரினோகோ ஆற்றுப் படுகைகளில் வாழும் மெலிந்த சிறு மீன்கள் பலவற்றை அங்குள்ளவர்கள் அப்படி அழைக்கிறார்கள். அவற்றில் பேர்போனது 'வண்டெல்லியா சிரோசா'. பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியன் 1846-இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நம் ஊர்க் கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம், மீசையும் உண்டு. உடம்பு கண்ணாடிபோல இருப்பதால் கலங்கல் நீரில் கண்ணுக்குத் தெரியாது.

அதன் உணவு ரத்தம் மட்டுமே. தாடையுள்ள முதுகெலும்பு உயிர்களில் ரத்தத்தை மட்டுமே உண்டு வாழ்பவை மிகச் சில. சில வௌவால்களும் இந்த மீன்களும் அந்தச் சிறு கூட்டத்தைச் சேர்ந்தவை. பெரிய மீன் ஒன்று மூச்சுவிடும்போது செவுள் மூடி திறக்கும். அந்த இடைவெளியில் காண்டிரு நுழைகிறது. தன் செவுள் மூடியில் உள்ள நுண்ணிய முட்களை ஊன்றிக்கொண்டு, செவுளுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியைக் கடிக்கிறது.

அதற்குமேல் அது பாடுபட வேண்டியதில்லை. பிரேசில் ஆய்வாளர்கள் சுவானோனும் சசிமாவும் இதைக் கூர்ந்து பார்த்து 2004-இல் எழுதினார்கள். காண்டிரு ரத்தத்தை உறிஞ்சுவதில்லை. கடிபட்ட மீனின் இதயமே ரத்தத்தை அதன் வாய்க்குள் அடித்துத் தள்ளுகிறது. உடைந்த குழாயில் வாய் வைத்தவன் கதைதான். அரை நிமிடத்திலிருந்து இரண்டரை நிமிடத்துக்குள் வயிறு சிவந்து உப்பிவிடும். உடனே வெளியேறி ஆற்று மணலுக்குள் புதைந்துகொள்ளும்.

வேகமாக நுழைந்து, வேகமாகக் குடித்து, வேகமாகக் கிளம்ப வேண்டும்: இந்த மீனின் பிழைப்பு இவ்வளவுதான். செவுளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் அங்கே அதற்கு மூச்சுக்கும் குறைவில்லை.

குற்றச்சாட்டு

மனித உடம்புக்குள் புகுகிறது என்ற பேச்சு எழுத்தில் ஏறியது 1829-இல். பிரேசிலில் 1817 முதல் 1820 வரை சுற்றிய ஜெர்மன் தாவரவியலாளர் மார்ட்டியுஸ் அதை எழுதினார். சிறுநீர் வாடைக்கு மீன் வரும் என்பதால் ஆற்றோர மக்கள் தண்ணீரில் இறங்குமுன் உறுப்பைக் கயிற்றால் கட்டிக்கொள்கிறார்கள் என்பது அவர் கேட்ட செய்தி. அவர் எதையும் நேரில் பார்க்கவில்லை. 1855-இல் எழுதிய பிரெஞ்சுப் பயணி காஸ்டெல்னோ காதில் விழுந்த கதையில் மீன் இன்னும் கெட்டிக்காரத்தனம் காட்டியது. கரையில் நிற்பவனின் சிறுநீர்த் தாரையிலேயே ஏறிவிட்டது. காஸ்டெல்னோ அதை நம்பவில்லை. ஆனால் எழுதி வைத்தார். அடுத்து வந்தவர்கள் அவர் நம்பாததை விட்டுவிட்டு எழுதியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1930-இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கட்ஜர் இந்தக் குறிப்புகளையெல்லாம் தொகுத்து ஒரு நூலே வெளியிட்டார். மனிதனை ஒட்டி வாழும் ஒரே முதுகெலும்புள்ள உயிர் என்ற பட்டம் அதன் தலைப்பிலேயே இருந்தது.

நவீன காலத்தில் பேசப்படும் நிகழ்வு ஒன்றுதான். 1997-இல் பிரேசிலின் இட்டாக்கோட்டியாரா ஊரைச் சேர்ந்த 23 வயது இளைஞர் ஒருவரின் சிறுநீர்க் குழாயிலிருந்து 13.4 சென்டிமீட்டர் நீள மீனை எடுத்ததாக மனாஸ் நகர மருத்துவர் ஒருவர் அறிவித்தார். படங்களும் பாடம் செய்த மீனும் இருந்தன. கடலுயிர் ஆய்வாளர் ஸ்டீபன் ஸ்பாட் 1999-இல் நேரில் போய் அந்த மருத்துவரைச் சந்தித்தார். சந்தேகங்கள் குறையவில்லை, கூடின. மீனின் தலை ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் அகலம். அந்தத் துவாரத்தில் அது எப்படி நுழையும்? தசையைக் கடித்துத் துளைத்ததாகச் சொல்லப்பட்டது; அப்படித் துளைக்கும் பல் அந்த மீனுக்கு ஏது? தண்ணீரிலிருந்து எழும்பித் தாரையில் ஏறியது என்பது நோயாளியின் வாக்குமூலம். ஏறியதைப் பார்த்த இன்னொருவர் இல்லை.

தாரையில் ஏற முடியுமா என்பதை இங்கிருந்தே யோசிக்கலாம். அருவியில் எம்பும் மீன்கூடக் கீழே ஆழமான தண்ணீரில் வாலை வீசித்தான் எம்புகிறது. சில மில்லிமீட்டர் கனமுள்ள தாரைக்குள் வால் வீச இடமில்லை. மேலும் அந்தத் தாரை எதிர்த்திசையில், ஈர்ப்பு விசையையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பாய்கிறது.

சிறுநீர் வாடை மீனை இழுக்கிறதா என்பதை 2001-இல் ஸ்பாட்டும் சகாக்களும் சோதித்தார்கள். உயிருள்ள காண்டிருக்கள் இருந்த தொட்டியில் அம்மோனியா உள்ளிட்ட ஈர்ப்புப் பொருள்களை விட்டுப் பார்த்தார்கள். மீன்கள் சட்டை செய்யவில்லை. இரை மீன் பக்கத்தில் வந்தபோதுதான் பாய்ந்தன. வாடையைவிடப் பார்வைதான் அவற்றுக்கு வழிகாட்டுவதாகத் தெரிந்தது. 2013-இல் பயண மருத்துவ இதழ் ஒன்றில் இர்ம்கார்ட் பவர் எல்லாப் பழைய குறிப்புகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்தெழுதிய சங்கிலிதான் மிஞ்சியது.

இப்போது நம் கேள்வியைக் கேட்போம். மீனுக்கு இதில் என்ன லாபம்? அந்தக் குழாயில் ஓடும் தண்ணீர் இல்லை. மூச்சுவிட வழியில்லை. ஊன்றிய முள்ளோடு பின்னால் வரவும் முடியாது. இரண்டு நிமிடத்தில் வந்து போகிற பிழைப்பை விட்டுவிட்டு அது தேடிப்போவது தன் சாவை. எங்கேனும் ஒரு மீன் தவறி நுழைந்திருக்கலாம். விபத்து எந்த உயிருக்கும் நேரும். அதையே வழக்கமாகக் கொண்ட மீன் இனம் என்றைக்கோ அழிந்திருக்கும்.

சோலையின் கடன்காரன்

பையனின் சாக்ஸுக்கு வருவோம். அண்ணன் இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தார். அட்டை இன்னும் கடிக்கவில்லை. துணியின் மேல் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. தொட்ட மாத்திரத்தில் சுருண்டு விழுந்தது.

மழைக்காலத்தில் பழனிமலைச் சோலைகளில் இறங்கியவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்த முகம். சித்திரை வெயிலில் இதே பாதையில் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. ஈரமண்ணுக்கும் மட்கிய இலைக்கும் கீழே பதுங்கிவிடும். மழை விழுந்ததும் இலை நுனியில் பின்புற உறிஞ்சியை ஊன்றி எழுந்து நிற்கும். நடக்கிற அதிர்வு, மூச்சில் வரும் கரியமில வாயு, உடல் சூடு, விழும் நிழல் எல்லாம் அதற்குச் சேதி. முன்னொரு உறிஞ்சி, பின்னொரு உறிஞ்சி. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துச் சாண் அளந்து வந்து சேரும்.

'ஹீமாடிப்சா' என்ற இந்தக் காட்டட்டைப் பேரினத்துக்கு ஐந்து இணைக் கண்கள், மூன்று தாடைகள். மூன்றும் சேர்ந்து அறுப்பதால் கடிவாய் முக்கிளைக் கோடுபோல இருக்கும். கடித்தது பெரும்பாலும் தெரியாது. சாக்ஸ் சிவந்த பிறகுதான் தெரியும். அட்டை விழுந்த பின்னும் ரத்தம் நிற்காமல் கசிவதுதான் பலரைப் பதறவைப்பது. காரணம் அதன் உமிழ்நீர். ரத்தம் உறைய 'திராம்பின்' என்ற நொதி வேலை செய்தாக வேண்டும். அட்டையின் உமிழ்நீரில் உள்ள புரதம் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. மருத்துவ அட்டையிடம் இப்படியொரு பொருள் இருப்பதை ஜான் ஹேகிராஃப்ட் 1884-இல் கண்டார். அதுவே பின்னர் 'ஹிருடின்' என்று பெயர் பெற்றது. இந்தியக் காட்டட்டை ஒன்றிலிருந்து 57 அமினோ அமிலங்கள் கொண்ட 'ஹீமாடின்' என்ற இன்னொரு புரதத்தை 1993-இல் பிரித்தெடுத்தார்கள். உறைந்த ரத்தத்தை அட்டையால் குடிக்க முடியாது. அதற்காகத்தான் இத்தனை வேதியியலும்.

இதே குணத்தை மனிதர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் அட்டை விடல் தனியொரு சிகிச்சை. ஆயுர்வேதத்தின் சுஸ்ருதர் அட்டைகளைப் பன்னிரண்டாக வகுத்து ஆறு விஷமுள்ளவை, ஆறு விஷமற்றவை என்றார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் மருத்துவ அட்டைக்கு அனுமதி தந்தது. ஒட்டவைத்த விரலில் தேங்கும் ரத்தத்தை வடிக்க அறுவை மருத்துவர்கள் இன்றும் அட்டையை அழைக்கிறார்கள்.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: அட்டையை எடுத்து மெத்தையில் வைத்தாலும் அது குப்பையைத்தான் நாடும். கீழான புத்தி மாறாது என்று திட்டுவதற்குச் சொல்வது. உயிரியல் படித்தவர் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கும். அட்டை தோலால் மூச்சுவிடுகிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் மூச்சு. பஞ்சு மெத்தையில் கிடந்தால் காய்ந்து செத்துப்போகும். மட்கிய இலைக்குப்பை அதற்கு வீடும் நுரையீரலும். தன் லாபம் எதுவென்று அட்டைக்குத் தெரிந்திருக்கிறது. பழமொழி சொன்னவர் அதைச் சரியாகப் பார்த்திருக்கிறார், தீர்ப்பை மட்டும் மாற்றி எழுதிவிட்டார்.

மீனின் குற்றத்தைச் செய்தது யார்?

அந்தத் தோல் மூச்சில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. அமேசான் மீனின் மேல் சுமத்தப்பட்ட குற்றத்தை நிஜமாகவே செய்கிற உயிர் நம் துணைக்கண்டத்து நீரில் உண்டு. அதுவும் அட்டைதான். காட்டட்டையின் உறவான நீரட்டைகள்.

'டினோப்டெல்லா ஃபெராக்ஸ்' என்ற அட்டையின் குஞ்சுகள் நூல்போல மெலிந்தவை. மாடோ மனிதரோ ஓடையில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும்போது மூக்குக்குள் ஏறிவிடும். அங்கே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்கி ரத்தம் குடித்து வளரும். காரணம் தெரியாமல் விட்டு விட்டு மூக்கில் ரத்தம் வடியும். இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கிலும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு இது புதிதல்ல. குளத்தில் குளித்த பிள்ளைகளின் சிறுநீர்ப்பைக்குள்ளேயே அட்டை புகுந்து, சிறுநீரில் ரத்தம் போன நிகழ்வுகள் வங்கதேச மருத்துவர்களால் இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உப்பு நீரைச் செலுத்திக் கழுவியதும் அட்டை வெளியே வந்துவிடுகிறது. கத்திக்கு வேலையில்லை.

மீனுக்குக் கேட்ட கேள்வியை இங்கும் கேட்டால் பதில் வேறு. மூக்குக்குள் ஈரம் உண்டு, சூடு உண்டு, மெல்லிய சவ்வுக்குக் கீழே ரத்தம் உண்டு. செவுள் தேவையில்லாத உயிருக்கு அது சொகுசான வீடு. ஆகவே கதை நம்பத்தக்கது. நோயாளி உண்டு, எடுத்த மருத்துவர் உண்டு, ஒரே மாதிரியான பதிவுகள் பல ஊர்களில் உண்டு.

ஆனாலும் யாரும் இந்த அட்டையை வைத்துத் திகில் படம் எடுக்கவில்லை. தினம் பார்க்கிற ஒன்றைப் பூதமாக்குவது கடினம். சோலையோரம் வாழ்பவர்களுக்கு அட்டை ஒரு தொல்லை. புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணி, வேப்பெண்ணெய், உப்புப் பொட்டலம் என்று அதற்குக் கைவசம் வழி இருக்கிறது. கடித்துக்கொண்டிருக்கும் அட்டையின் மேல் இவற்றைப் போடாமல் இருப்பது நல்லது. குடித்ததைக் கடிவாயிலேயே கக்கிவிடக்கூடும். நகத்தை உறிஞ்சிக்கு அடியில் நுழைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் போதும். வந்து போகிறவர்களுக்குத்தான் அட்டை அரக்கன்.

பறக்கும் அட்டை

வந்து போனவர்களில் பழையவர் இபின் பதூதா. மதுரை சுல்தானின் அவைக்கு வந்து சேருமுன் 1344-இல் இலங்கையின் சிவனொளிபாத மலை ஏறினார். வழியில் மரத்திலும் புல்லிலும் காத்திருந்து ஆள்மேல் பாயும் 'பறக்கும் அட்டை'யைப் பார்த்ததாக எழுதினார். ஊர்க்காரர்கள் எலுமிச்சம்பழத்தைக் கையோடு வைத்திருந்து, பிழிந்து அதை விழவைப்பார்கள் என்றும் சொன்னார். ஏறக்குறைய 680 ஆண்டுக்குப் பின்னும் மலைப்பாதையில் எலுமிச்சையும் சுண்ணாம்பும்தான் துணை. எலுமிச்சை பிழியாமல் அலட்சியமாக இருந்து ரத்தம் வடிந்தே செத்த ஒருவரின் கதையும் அவர் நூலில் வருகிறது. அது கேள்விப்பட்ட கதை.

1818 கண்டிக் கிளர்ச்சியை அடக்கப்போன மதராஸ் சிப்பாய்கள் பலர் அட்டைக்கடியால் மாண்டதாக, இலங்கையில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த டெனன்ட் 1861-இல் எழுதினார். ஓர் அட்டை ஒரு வேளைக்குக் குடிப்பது ஒரு தேக்கரண்டிகூட இராது. நம் உடம்பில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம். சீழ்பிடித்த புண்ணும் மலைக்காய்ச்சலும் செய்ததை அட்டையின் கணக்கில் எழுதியிருக்க வேண்டும்.

சரி, பாய்வது? மரத்திலிருந்து அட்டை குதிக்கும் என்பதை அறிவியலாளர்கள் வெகுகாலம் ஒதுக்கித்தான் வந்தார்கள். தரையிலிருந்து ஏறி வந்ததைக் கழுத்தில் பார்த்தவர்கள் மேலிருந்து விழுந்ததாக நினைக்கிறார்கள் என்பது விளக்கம். 2024-இல் அந்த விளக்கம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. மடகாஸ்கரில் 2017-இலும் 2023-இலும் எடுத்த காணொளிகளில், ஒரு காட்டட்டை இலைமேல் உடம்பைப் பின்னுக்கு வளைத்து, வில்லிலிருந்து விடுபட்டதுபோலக் காற்றில் தாவியது தெளிவாகப் பதிவாகியிருந்தது. நம் சோலை அட்டைக்கு அது தூரத்து உறவு. நம்முடையது தாவும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பயணி சொன்னதெல்லாம் புளுகு என்று சொல்வதையும் இனி நிறுத்திக்கொள்ள வேண்டும். நடந்து வருவதைவிடத் தாவினால் ஆள்மேல் சீக்கிரம் சேரலாம் என்பதால் அதில் அட்டைக்கு லாபமும் தெரிகிறது.

காட்டின் சாட்சி

திரும்பி வரும் வழியில் பாறை ஒன்றில் உட்கார்ந்தோம். பையன் சாக்ஸைக் கழற்றினான். சுண்ணாம்புக்குத் தப்பிய மூன்றாவது அட்டை ஒன்று கணுக்காலில் கொழுத்துத் திரட்சியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அலறவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். சற்று நேரத்தில் அது தானாக உருண்டு இலைச்சருகில் விழுந்தது.

"இது எத்தனை நாளைக்குத் தாங்கும் மாமா?"

"மாசக்கணக்குல."

அப்போதுதான் வியட்நாம் ஆய்வைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். அட்டை குடித்த ரத்தத்தில் உள்ள மரபணுவைச் சோதனைச்சாலையில் நான்கு மாதம் கழித்தும் படிக்க முடிந்தது. 2012-இல் வெளியான அந்த ஆய்வில் வியட்நாம் காட்டட்டைகள் 25-ஐப் பரிசோதித்தார்கள். 21-இல் பாலூட்டிகளின் மரபணு கிடைத்தது. மனிதர் கண்ணில் அரிதாகவே படுகிற அன்னமிய வரிமுயலின் தடயமும் அவற்றில் இருந்தது. சீனாவின் ஐலாவோ மலையில் 163 வனக் காவலர்கள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகளைச் சேகரித்துத் தர, எந்த விலங்கு மலையின் எந்தப் பக்கம் நடமாடுகிறது என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். கேமராவுக்குத் தப்பியதும் அட்டைக்குத் தப்பவில்லை. 2013-இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் கொடைக்கானல் காட்டிலும் காட்டெருமை, கடமான், மரநாய் என்று எத்தனை பேரின் கையெழுத்து இந்தச் சருகுக்கடியில் கிடக்கிறதோ.

இருநூறு ஆண்டாகத் தேடியும் அந்த மீனுக்கு எதிராக ஒரு நேர் சாட்சி கிடைக்கவில்லை. இங்கே காலடியில் ஒரு சாட்சி மெல்லச் சுருங்கி நீண்டு சருகுக்குள் போய்க்கொண்டிருந்தது. பையன் கணுக்காலில் கசிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்தான்.

"அப்ப தைப்பொங்கல் வரைக்கும் நான் இந்தக் காட்டுலதான் இருப்பேன், இல்ல மாமா?"

ஓடை மறுபடியும் குறுக்கிட்டது. இந்த முறை அவன்தான் முதலில் இறங்கினான்.